தடுமாற்ற எண்

காலை ஆறு மணிக்குக் கப்பலூர் வண்டிக் கொட்டகையின் பின்முற்றத்தில் கொம்பையா, தினமும் செய்வதுபோல, மோட்டார் சைக்கிளைக் கோணலாக ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார்.

தரையில் நேராக ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கும். சக்கரம் அதன்மேல் போய்விடக் கூடாது, அதுதான் பயிற்சி. இடப்பக்கம் கொஞ்சம் சாய வேண்டும். வலப்பக்கம் கொஞ்சம் வழிய வேண்டும். நடுவில் ஒருமுறை காரணமே இல்லாமல் பிரேக்கைத் தொட வேண்டும். கொம்பையா ஏழு முறை போய் வந்தார். ஏழு முறையும் வண்டி கோட்டைப் பிடித்துக்கொண்டு பிசகாமல் போயிற்று.

"கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிப் பாருங்கண்ணே," என்றாள் எஸ்தர். யாரை எந்தப் பயணத்துக்கு அனுப்புவது என்று முடிவுசெய்வது அவள் வேலை.

"மூடிக்கிட்டுத்தான் தாயி ஓட்டுதேன். அப்பவும் அதுமேலதான் போவுது."

எஸ்தருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அவள் கையில் இருந்த பலகையில் கொம்பையாவின் பெயருக்கு எதிரே இருபத்தொன்பது என்று சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது.

கோணலாக ஓட்ட ஒருவர் ஏன் இந்தப் பாடு பட வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சாலைகளை மனிதன் இயந்திரங்களிடம் ஒப்படைத்து அறுபது வருடம் ஆகிறது. காரோ, லாரியோ, பால் வண்டியோ, இப்போது எல்லாம் தன்னோடிகள், தாமாகவே ஓடும். சாலைவலை என்ற ஒரே மூளை எல்லாவற்றையும் பிணைத்திருக்கிறது. ஒன்று பிரேக் போடப்போவது, போடுவதற்கு முன்பே மற்றவற்றுக்குத் தெரியும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில், நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில், நூறு வண்டிகள் வரிசையாகப் போகும். விபத்து என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டு விளக்குகிறார்கள்.

அந்த மூளைக்கு விளங்காத ஒரே பொருள் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் மனிதக் கை. அது எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியவில்லை. எனவே ஒரு சட்டம் செய்தார்கள். மனிதன் ஓட்டும் வண்டி வந்தால் தன்னோடிகள் விலகிவிட வேண்டும். எவ்வளவு தூரம் விலகுவது என்பதற்கு ஓர் அளவும் வைத்தார்கள். ஓட்டுகிறவரின் தோளெலும்புக்குக் கீழே அரிசி அளவில் ஒரு சில்லைப் பதிப்பார்கள். அவர் எவ்வளவு ஆடுகிறார், எவ்வளவு பதறுகிறார், எத்தனை முறை மனத்தை மாற்றிக்கொள்கிறார் என்று அது சாலைவலைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்குக்குத்தான் தடுமாற்ற எண் என்று பெயர். எண்பது உள்ளவர் வந்தால் முந்நூறு மீட்டருக்கு முன்பே சாலை இரண்டாகப் பிளந்து வழிவிடும். முப்பது உள்ளவருக்கு ஐம்பது மீட்டர்தான்.

உயிர் காக்கச் செய்த சட்டம் பத்து நாள் அப்படியே இருந்தது. பதினோராம் நாள் யாரோ ஒரு பெரிய மனிதர் தம் மைத்துனரை ஒரு மோட்டார் சைக்கிளில் ஏற்றித் தம் காருக்கு முன்னால் ஓடவிட்டார். லாரிகள் ஓரங்கட்டின. பேருந்துகள் ஒதுங்கின. அவர் நடுவில் போனார். பிறகு கேட்கவா வேண்டும்? கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கடை திறப்பு, எதற்குப் போனாலும் காருக்கு முன்னால் ஒரு முன்னோட்டி ஓட வேண்டும் என்றாகிவிட்டது. பைத்தியத்துக்கும் பெரிய மனிதனுக்கும்தான் ஊர் ஒதுங்கும் என்பார்கள். நம் ஆட்கள் முதலாமவரை வாடகைக்குப் பிடித்து இரண்டாமவர் ஆகிக்கொண்டார்கள்.

முன்னோட்டிக்கு முந்நூற்றைம்பது சி.சி. குரூசர்தான் கொடுப்பார்கள். சின்ன வண்டியில் கம்பீரம் போதாது, பெரிய வண்டியை ஆட்ட முடியாது, எனவே நடுத்தரம். கரும்புச் சாராயத்தில் ஓடும் பழைய பாணி எஞ்சின். தாழ்ந்த இருக்கை, அகன்ற ஹேண்டில்பார், முன்னால் நீட்டி வைக்கும் கால். நாற்காலியில் உட்கார்ந்ததுபோல இருக்குமே என்று ஓட்டாதவர்கள் சொல்வார்கள். நாற்காலியைத் தூக்கி நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் வைத்துப் பார்க்கட்டும். மார்பு முழுவதும் காற்றை வாங்கும். கால் முன்னால் நீண்டிருப்பதால் பள்ளத்தில் எம்பி எழவும் முடியாது; ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகின் அடியில் போய் விழும். தொண்ணூறைத் தாண்டினால் ஹேண்டில்பார் அதிரத் தொடங்கும். கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போகும். கொம்பையாவுக்கு அந்த இரண்டு விரல்களும் இப்போது வீட்டில் சோறு பிசையும்போதுகூடச் சரியாக வேலை செய்வதில்லை.

இருபத்தாறு வருடம் ஓட்டியவர். வயது ஐம்பத்து நான்கு. அவர் செய்த ஒரே தவறு, நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டதுதான். சேர்ந்த வருடம் எழுபத்து நாலாக இருந்த எண் வருடா வருடம் இறங்கி இருபத்தொன்பதில் வந்து நின்றது. பதறுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா? அவருக்கு அலுத்துவிட்டது. அலுத்த உடம்பு அநாவசியமாக ஆடாது.

"இதுதாண்ணே கடைசி வாய்ப்பு," என்றாள் எஸ்தர். "இன்னைக்கு நீங்க யாரு காருக்கு முன்னாடி ஓட்டுறீங்களோ, அவரு முடிவுல 'நிறைவு'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா ஒரு வருசம் நீட்டிப்பு. சொல்லலைன்னா சாயங்காலம் உங்க மனித ஓட்டுநர் சான்று ரத்து. வண்டி உருக்காலைக்குப் போயிரும். உங்களைக் கைதட்டுற பிரிவுக்கு மாத்திருவாங்க."

மனிதர்களுக்கென்று மிச்சமிருந்த வேலைகள் அவ்வளவுதான். மற்ற எல்லாவற்றையும் இயந்திரங்கள் செய்தன. மனிதனுக்கு மனிதன் மரியாதை செய்வதை மட்டும் இயந்திரம் செய்தால் யாருக்கும் ருசிக்கவில்லை. கொம்பையாவின் மனைவி சொர்ணத்தாய் ஒன்பது வருடமாகக் கூட்டங்களில் கைதட்டுகிறாள். இரவில் வெந்நீரில் உப்புப் போட்டு உள்ளங்கையை ஊறவைப்பாள்.

"எனக்குக் கைதட்ட வராது தாயி. ஒருத்தன் பேசுறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்தா ஒறக்கம் வந்துரும். வண்டியைத் திட்டிக்கிட்டே ஓட்டிட்டேன், இதுலேயே போயிரட்டும்," என்றார். எஸ்தர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஏழு மணிக்குக் கனகசபாபதியின் கார் வந்து நின்றது. அவர் மேகத் தரகர். அரபிக்கடலில் எழும் மேகம் எந்தத் தாலுகாவில் பெய்ய வேண்டும் என்று பேசி முடிப்பவர். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, இரண்டு கையிலும் மோதிரம். நாகர்கோவிலில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். கொம்பையாவின் எண்ணைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்னம்மா இது, இருபத்தொம்பது? பால் வண்டிகூட ஒதுங்காதே! எண்பதுல ஒரு ஆளு இல்லையா?"

"இன்னைக்கு ஆனி மாசத்துப் பெரிய முகூர்த்தம் சார். எல்லாரையும் ஆறு மாசம் முன்னாடியே பேசிட்டாங்க. இவரு அனுபவசாலி."

"அனுபவசாலியை வச்சு நான் என்ன பண்றது?" கொம்பையாவின் பக்கம் திரும்பினார். "இந்தாப்பா, முகூர்த்தம் பத்தரைலேருந்து பதினொண்ணே கால். நான் தாய்மாமன். நான் நின்னு தாலித் தட்டை எடுத்துக் குடுத்தாத்தான் தாலி ஏறும். லேட்டாச்சு, தொலைச்சுப்புடுவேன்."

"கொண்டு சேத்துருதேன்யா," என்றார் கொம்பையா.

ஏழே காலுக்குக் கிளம்பினார்கள். விருதுநகர்வரை ஒப்பேறியது. சாத்தூர் தாண்டியதும் தலைக்கவசத்துக்குள் இருபத்தாறு என்று எண் மின்னியது. முன்னால் போன பால் டாங்கர் நாற்பது மீட்டர் நெருங்கும்வரை அசையவில்லை. பிறகும் அரைமனத்தோடுதான் ஒதுங்கியது. காருக்குள் இருந்து கனகசபாபதியின் குரல், காதில் செருகியிருந்த பேசியில் வந்தது.

"என்னய்யா, பிணத்துக்கு முன்னாடி போற மாதிரி போற? ஆட்டுய்யா வண்டியை! அந்த டாங்கர் என்னைய மதிக்கவே மாட்டேங்குது."

கோவில்பட்டிக்கு முன்னால் கொம்பையா ஆட்டினார். தொண்ணூற்றைந்தில் போய்க்கொண்டிருந்த இருநூறு கிலோ வண்டியின் ஹேண்டில்பாரை வலப்பக்கமாக வெடுக்கென்று தள்ளினார். தாழ்ந்த கால்தாங்கி சாலையில் உரசித் தீப்பொறி பறந்தது. நிமிர்த்தப் பார்த்தபோது மரத்துப்போன விரல்கள் பிடி நழுவின. பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு போயிற்று. நடுத்திட்டின் அரளிச் செடிகள் தோளில் படபடவென்று அடித்தன. அதற்கு அப்பால் ஒரு சாண் தூரத்தில் கான்கிரீட் சுவர். எப்படி மீண்டார் என்று அவருக்கே தெரியாது. செத்தேன் என்றே அவர் நினைத்திருந்தார்.

எண் ஐம்பத்தெட்டு என்று காட்டியது. முன்னால் போன இன்னொரு டாங்கர் அலறியடித்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது.

"அப்படிப் போடு!" என்றார் கனகசபாபதி. "இப்பத்தான்யா நல்லாருக்கு. இன்னொரு தடவ!"

அட பாவி மனுசா, என்று கொம்பையா வாய்க்குள் சொல்லிக்கொண்டார். இன்னொரு தடவை அவரால் முடியவில்லை. கை நடுங்கியது. நடுக்கம் எண்ணில் ஏறுமே என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டார். ஆனால் பயந்துபோன கை பழைய பழக்கத்தைத்தான் தேடியது. தோள் தளர்ந்தது, முழங்கால்கள் டாங்கை ஒட்டின, கண் தூரத்தில் பதிந்தது. வண்டி நூல் பிடித்ததுபோலப் போகத் தொடங்கியது. நாற்பத்தொன்று. முப்பது. இருபது.

கயத்தாறில் காற்றாலைகள் தொடங்கின. ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்றால் ஆனிக்காற்று அதற்கு அண்ணன். மேற்கிலிருந்து பக்கவாட்டில் வந்து அடிக்கும். முன்னோட்டிகளுக்கு இந்தப் பத்துக் கிலோமீட்டர் ஒரு வரம். சும்மா உட்கார்ந்திருந்தாலே காற்று ஆட்டும், ஐம்பது உள்ளவருக்கும் எண்பது காட்டும். கொம்பையாவும் அதைத்தான் நம்பியிருந்தார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர், நம்மையும் கைவிட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டார். காற்றும் வந்தது. வந்த கணமே அவருடைய வலத்தோள் தானாகத் தாழ்ந்து அதன்மேல் சாய்ந்தது, பிடி தளர்ந்தது, வண்டி ஒரு விரற்கடைகூட விலகவில்லை. ஆடு, ஆடு என்று மனம் கெஞ்சியது. உடம்பு கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக அந்தக் காற்றோடு மல்லுக்கட்டிய உடம்பு. பதினொன்று. நான்கு. பூஜ்யம்.

காதுக்குள் ஒரு மணியோசை. அவர் அதுவரை கேட்டிராத குரல் ஒன்று, பெண்ணும் இல்லாத ஆணும் இல்லாத குரல், சாந்தமாகச் சொன்னது: "புதிய ஓடி இணைந்தது. நல்வரவு. வேகம் நூற்றுப்பதினைந்து."

பின்னால் நாற்பது மீட்டரில் தயங்கி வந்த லாரிகள் நெருங்கின. கொம்பையா பதறத்தான் பார்த்தார். பதறுவதற்குள் அவர் வரிசைக்குள் இருந்தார். முன்னால் ஒரு சரக்குத் தன்னோடி, பக்கத்தில் ஒரு பேருந்து, பின்னால் கனகசபாபதியின் கார். எல்லாம் ஒன்றரை மீட்டரில். அவருடைய வண்டிக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் முன்னால் திறந்தது, பின்னால் மூடிக்கொண்டது. சரக்கு வண்டியின் முதுகு காற்றை வாங்கிக்கொண்டது. மார்பில் அழுத்திய பாரம் இறங்கியது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சாலையில் அவர் நிதானமாக மூச்சுவிட்டார்.

நாள்தோறும் அவரைக் கண்டு எல்லாம் விலகி ஓடும். ஓட வைப்பதுதான் பிழைப்பு. அன்று அவை அவரைச் சேர்த்துக்கொண்டன. அதை எண்ணியபோது அவருக்குக் கண் கலங்கியது. வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். காருக்குள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. வண்டி அவ்வளவு அலுங்காமல் போயிற்று.

இந்த வேகமும் இந்தச் சொகுசும் முன்னோட்டி இல்லாமல் கிளம்புகிற எல்லோருக்கும் எப்போதும் கிடைப்பவைதான். ஆனால் பெயருள்ள யாரும் அப்படிக் கிளம்புவதில்லை.

பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர் எல்லாம் ஓடிப்போயின. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று மறுபடி முட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. ஒன்பது நாற்பதுக்கு நாகர்கோவிலில் மண்டப வாசலில் வண்டியை நிறுத்தி, இடக்காலைத் தரையில் ஊன்றி, கொம்பையா தலைக்கவசத்தைக் கழற்றினார். முகூர்த்தத்துக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. எந்த மனிதனையும் இவ்வளவு சீக்கிரம் அவர் கொண்டுசேர்த்ததில்லை. நிச்சயம் 'நிறைவு' என்று சொல்லிவிடுவார், கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாலும் சொல்வார் என்று நினைத்தார். ஒரு வருடம் கிடைத்துவிட்டது என்றே நம்பினார்.

கனகசபாபதி கண்ணைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார். அக்கம்பக்கம் பார்த்தார். வாசலில் வாழைமரம் இருந்தது. பன்னீர் தெளிக்கும் இயந்திரம் இருந்தது. அது அவர்மேல் மூன்று சொட்டுத் தெளித்து "வாங்க, வாங்க" என்றது. வேறு யாரும் இல்லை. உள்ளேயிருந்து இட்லிச் சாம்பார் வாசம் வந்தது.

"எங்கய்யா எல்லாரும்?"

"காலைப் பந்தி நடக்குதுய்யா. எல்லாரும் சாப்பிடுதாங்க. நேரம் கெடக்கே."

"மேளம்?"

"மேளக்காரங்களும் சாப்பிடுதாங்க."

கனகசபாபதியின் முகம் சிவந்தது. "மணி என்ன?"

"ஒம்பது நாப்பதுய்யா," என்றார் கொம்பையா பெருமையாக.

"ஒம்பது நாப்பதா? அறிவிருக்காய்யா உனக்கு? தாய்மாமன் ஒம்பது நாப்பதுக்கா வருவான்? பந்தல்காரன் வருவான், சமையக்காரன் வருவான்! வர்ற வழியில யாராவது ஒதுங்குனாங்களா?"

"ஒருத்தரும் ஒதுங்கலைய்யா. ஒதுங்க வேண்டிய தேவையே இல்ல. அதான் சீக்கிரமா..."

"நான் வந்ததே ஒரு பயலுக்கும் தெரியாதே! மண்டபம் நெறைஞ்சு உக்காந்திருக்கணும். முகூர்த்த நேரம் ஓடிக்கிட்டு இருக்கணும். 'மாமன் எங்க, மாமன் எங்க'ன்னு எல்லாரும் தவிக்கணும். அப்பத்தான்யா நான் வந்து எறங்கணும்! இப்ப போயி இட்லி திங்கிற வரிசையில நிக்கச் சொல்றியா?"

லேட்டானால் தொலைத்துவிடுவேன் என்று சொன்னவரும் இவர்தானே என்று கொம்பையா யோசித்தார். சீக்கிரம் வந்தாலும் தொலைப்பார் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

கனகசபாபதி யார் யாருக்கோ பேசினார். ஆரல்வாய்மொழிக் கொட்டகையில் மூன்று முன்னோட்டிகள் ஒரு பயணம் முடித்துவிட்டு இருக்கிறார்களாம். மூன்று பேருக்கும் எண்பத்தைந்துக்கு மேல். "நான் அங்க போயி, மூணு பேரையும் முன்னாடி விட்டு, முறையா வர்றேன். பதினஞ்சு கிலோமீட்டர்தானே. நீ என் கண்ணு முன்னாடி ஓட்டாத. இங்கயே கெட," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கார் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

கொம்பையா வண்டிப் பக்கத்தில் நின்றார். முதுகு விட்டுப்போனது. சாயங்காலம் சொர்ணத்தாயிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார்.

பத்தே முக்காலுக்கு மண்டபத்துக்குள்ளிருந்து ஓர் அம்மாள் பட்டுச்சேலை சரசரக்க வாசலுக்கு ஓடிவந்தாள். மணப்பெண்ணின் தாய் சண்முகவடிவு. "நீங்கதான எங்கண்ணனோட முன்னோட்டி? அண்ணன் வந்தாச்சா?"

"வந்துட்டுப் போயிட்டாங்கம்மா."

"போயிட்டானா? எங்க?"

"மறுபடி வாரதுக்கும்மா."

வேறு யாராக இருந்தாலும் இந்தப் பதில் விளங்கியிருக்காது. சண்முகவடிவு கனகசபாபதியோடு பிறந்தவள், உடனே விளங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள். "என் மக காதுகுத்துக்கும் இப்படித்தான், என் கல்யாணத்துக்கும் இப்படித்தான்! இவனுக்குப் பதிலா எங்கம்மா ஒரு கல்லைப் பெத்திருந்தா துணி தொவைக்கவாவது ஆயிருக்கும்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

பதினொன்று ஆயிற்று. ஐயர் இரண்டு முறை மணியைப் பார்த்தார். சம்பந்தி வீட்டார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினொன்று எட்டுக்குச் சண்முகவடிவு தாலித் தட்டைத் தானே எடுத்தாள். "மாமன் மாமன்னு நேரத்தைக் கொன்னது போதும். நான் பெத்தவ, நானே எடுத்துக் குடுக்கேன். கொட்டுங்கய்யா மேளத்தை!" என்றாள். பதினொன்று பத்துக்குத் தாலி ஏறியது. வானம் இடிந்து விழவில்லை. பிறகு அவளே வந்து, கூச்சப்பட்டு நின்ற கொம்பையாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பந்தியில் உட்காரவைத்தாள். எரிசேரியும் அவியலும் நன்றாக இருந்தன. அடைப்பிரதமன் பாயசம் இலையில் விழுந்தபோது எஸ்தர் காதுக்குள் வந்தாள்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு தாயி."

"'நிறைவு' வரலண்ணே. புகார் எழுதியிருக்காரு."

"என்னன்னு?"

"'முன்னதாகவே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்'னு."

கொம்பையா பிரதமனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சான்று ரத்தா?"

"அதுதாண்ணே சிக்கல். ரத்து செய்யலாம்னு பாத்தா ஓட்டுநர் பட்டியல்ல உங்க பேரே இல்ல. கயத்தாறுல இருந்து சாலைவலை உங்களை வண்டின்னு பதிஞ்சிருக்கு. ஓட்டுநர் இல்லாத வண்டி."

"நான் வண்டியா?"

"திருத்த மனுப் போடலாம்ணே. மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் மனுசங்களுக்கு உள்ள வேலை எதுவும் உங்களுக்குக் குடுக்க முடியாது. கைதட்டுறதைக்கூடக் குடுக்க முடியாது. எனக்கு ரொம்ப சங்கடமா இருக்குண்ணே."

"நீ என்ன செய்வ, தாயி. விடு," என்றார் கொம்பையா. அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. இலையை மடித்தார், கை கழுவினார், வாசலுக்கு வந்து வண்டி இருக்கையில் சாய்ந்து நின்றார். எல்லோரும் இரண்டாம் பந்தியில் இருந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. மணி பன்னிரண்டேகால்.

காதுக்குள் கனகசபாபதியின் குரல் வெடித்தது. பின்னணியில் ஹாரன் சத்தமும் கத்தலும் கேட்டன.

"கொம்பையா! வெள்ளமடத்துல மாட்டிக்கிட்டேன்யா! அம்பது காருக்கு மேல நிக்குது. ஒவ்வொரு காருக்கும் முன்னாடி மூணு முன்னோட்டி, நாலு முன்னோட்டி! எந்தப் பக்கம் ஒதுங்குனாலும் அங்க ஒரு மனுசன் ஆடிக்கிட்டு வர்றான்னு எல்லாக் காரும் நின்னுபோச்சு. ஒரு மணி நேரமா நகரலை. நான் யாருன்னு சொல்றேன், ஒரு பய கேக்க மாட்டேங்குறான். ஒவ்வொருத்தனும் அவன் யாருன்னு சொல்லிக்கிட்டு இருக்கான்!"

வெள்ளமடத்தை ஒட்டிய புறவழிச் சாலையில், முன்னோட்டி இல்லாத தக்காளி லாரிகள் நூற்றிருபதில் போய்க்கொண்டிருந்ததை அவர் சொல்லவில்லை. அவர் அவற்றைப் பார்க்கவும் இல்லை.

"தாலி ஏறலைல்ல?" என்று கேட்டார். "எனக்காக நிறுத்தி வச்சிருக்காங்கல்ல?"

"ஏறிட்டுதுய்யா. பதினொண்ணு பத்துக்கு. தங்கச்சியம்மாவே தட்டெடுத்துக் குடுத்தாங்க."

மறுமுனையில் ஹாரன்கள் மட்டும் கேட்டன. கொம்பையாவுக்கு, இவ்வளவும் ஆன பிறகும், அந்த மனிதர்மேல் ஒரு பரிதாபம் வந்தது. தங்கை மகள் கல்யாணத்தைக் கோட்டைவிட்டுவிட்டாரே, அழுகிறாரோ என்று நினைத்தார்.

"சரி, அது போகட்டும்," என்றார் கனகசபாபதி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்படியும் அரை மணியில வந்து எறங்கிருவேன். நீ ஒண்ணு மட்டும் பாத்துச் சொல்லு. வாசல்ல மனுசங்க யாராவது நிக்கிறாங்களா?"

கொம்பையா வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். வாழைமரம் நின்றது. பன்னீர் இயந்திரம் நின்றது. வண்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

"மனுசங்க யாரும் இல்லய்யா," என்றார்.